"வசனம் ஜடமாயித் தீர்ந்நு": பாறசாலைப் பக்கம் காதில் விழுந்தது, ஒரு சந்தேகம்

அக்கரை_மருமகன் (களியக்காவிளை) | டிசம்பர் 9, இரவு 9.40

எனக்கு வீடு களியக்காவிளை, மனைவி வீடு பாறசாலை தாண்டி உள்ளே. பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். இரண்டு பக்கமும் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்ட்) சபைதான். ஆனால் கேரள எல்லைச் செக்போஸ்ட் தாண்டியதும் பைபிளின் மொழி மாறிவிடும்.

போன கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனைக்கு அங்கே போயிருந்தேன். யோவான் சுவிசேஷம் முதல் அதிகாரம் வாசித்தார்கள். பதினாலாம் வசனம் வந்தது: "வசனம் ஜடமாயித் தீர்ந்நு." பக்கத்தில் நின்ற மச்சினனைப் பார்த்தேன், அவன் கண்ணை மூடி பக்தியாக நிற்கிறான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஜடம் என்றால் நம் ஊரில் என்ன என்று தெரியும்தானே. கணக்கு வராத நாட்களில் வாத்தியார் என்னைக் கூப்பிட்ட பெயர் அது. தீர்ந்தது என்றால் அரிசி தீர்ந்தது, கேஸ் தீர்ந்தது. ஆக, என் காதில் விழுந்தது "வசனம் ஜடமாகி, தீர்ந்தும் போனது" என்றுதான். கடைப்பேச்சு மலையாளம் எனக்கு வரும், வேத மலையாளம் வராது.

வீட்டுக்கு வந்து சொன்னால் மனைவி விட்டுக்கொடுக்கவில்லை. "உங்கள் பைபிளில் மட்டும் என்ன வாழுதாம்? 'வார்த்தை மாம்சமாகி.' கசாப்புக் கடை வார்த்தைதானே" என்றாள். தங்கையைக் கட்டிக்கொடுத்த வீடு கத்தோலிக்கர்கள். அவர்கள் புத்தகத்தில் "வாக்கு மனிதர் ஆனார்" என்று மரியாதையாக இருக்கிறது. மூன்றில் எது சரி?

இப்போது ஏன் கேட்கிறேன் என்றால், இந்த வருடம் அந்தப் பாடத்தை வாசிக்க என்னைப் போட்டிருக்கிறார்கள். மலையாளத்தில். மாமனாரின் யோசனை.

---

ஸ்டாண்டு_ஆட்டோ | டிசம்பர் 9, இரவு 9.52

வசனம் தீர்ந்துபோச்சுன்னா வேற வசனகர்த்தாவைக் கூப்பிடுங்க அண்ணே.

---

பழைய_திருப்புதல் (மார்த்தாண்டம்) | டிசம்பர் 9, இரவு 11.15

தம்பி, உங்கள் வீட்டம்மா சொன்னதுதான் சரி. அது கசாப்புக் கடை வார்த்தையேதான்.

யோவான் எழுதியது கிரேக்கத்தில். அங்கே உடலுக்கு "சோமா" என்று நாகரிகமான சொல் உண்டு, மனிதனுக்கு "ஆந்த்ரோபோஸ்" உண்டு. இரண்டையும் விட்டுவிட்டு அவர் எடுத்த சொல் "சார்க்ஸ்". எலும்பின்மேல் இருக்கிற சதை, அழுகக்கூடியது. ஏசாயா 40ஆம் அதிகாரத்தில் "மாம்சமெல்லாம் புல்லைப்போலவும்" என்று வருகிறதே, கிரேக்கப் பைபிளில் அங்கேயும் இதே சொல்தான். காலையில் பச்சை, சாயங்காலம் சருகு. "ஆதியிலே வார்த்தை இருந்தது, அந்த வார்த்தை தேவனாயிருந்தது" என்று வானத்துக்கு ஏற்றிவிட்டு, பதினாலாம் வசனத்தில் ஒரே இழுப்பில் சதைக்கு இறக்குகிறார். முகம் சுளிக்க வைக்க வேண்டும் என்றேதான் அந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார் என்பது என் எண்ணம்.

அடுத்த சொல் அதைவிட நல்லது. "நமக்குள்ளே வாசம்பண்ணினார்" என்று படிக்கிறோமே, மூலத்தில் அது "கூடாரம் போட்டார்". வனாந்தரத்தில் இஸ்ரவேலர் நடுவே ஆசரிப்புக் கூடாரம் நின்றதே, அந்த ஞாபகம். கல்கோயில் இல்லை, சுருட்டித் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கிற துணிக்கூடாரம்.

அந்தக் காலத்திலேயே இதற்கு முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். இயேசுவுக்கு இருந்தது நிஜ உடல் இல்லை, வெறும் தோற்றம் என்றார்கள். அதனால்தான் யோவானின் முதல் நிருபம் 4:2இல் "மாம்சத்தில் வந்த" என்று அழுத்திச் சொல்லியிருக்கிறது.

---

இருமொழி | டிசம்பர் 10, காலை 6.30

நான் படித்தது மலையாளம் மீடியம், வீட்டில் தமிழ். இரண்டு விஷயம் சொல்கிறேன்.

"ஆயித்தீருக" என்றால் காலியாவது இல்லை, முழுசாக ஆகிவிடுவது. திரும்பி வராத ஆகுதல்.

ஜடத்துக்கு மலையாளத்தில் உடல் என்றும் பொருள், பிணம் என்றும் பொருள். பத்திரிகையில் "ஆற்றில் ஜடம் கண்டெத்தி" என்று வரும். சி.எஸ்.ஐ.காரர்கள் வாசிக்கிற மலையாள பைபிளான சத்தியவேதபுஸ்தகம் 1910இல் வந்தது, அது இன்னும் அந்தச் சொல்லை விடவில்லை. மலையாளக் கத்தோலிக்க பைபிளில் "வசனம் மாம்சமாயி" என்றுதான் இருக்கிறது. ஆக, உங்கள் சிக்கல் தமிழ்–மலையாளம் கூட இல்லை அண்ணே, நீங்கள் போய் நின்ற சபையைப் பொறுத்தது.

---

குழித்துறை_டீச்சர் | டிசம்பர் 10, காலை 7.05

"மனிதர் ஆனார்" என்பதை மரியாதைக்காகப் போட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள். 1995 பொது மொழிபெயர்ப்பில் அப்படி வந்ததற்கு ஒரு நியாயம் இருக்கிறது.

மாம்சம் என்று மட்டும் சொன்னால் கேட்கிறவர் என்ன நினைப்பார்? மேலே சதை, உள்ளே கடவுள் என்று. சட்டை போட்டுக்கொண்டதைப் போல. நாலாம் நூற்றாண்டில் அப்பொலினாரியுஸ் என்ற ஆயர் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார்: உடல் மனிதனுடையது, அறிவு இருக்க வேண்டிய இடத்தில் இறைவார்த்தை. 381இல் ஆயர்கள் கூடிய கான்ஸ்டாண்டிநோபிள் சங்கம் அதைத் தள்ளிவிட்டது. அதே காலத்து ஆயர் நசியான்சு கிரகோரியார் இதற்குச் சொன்ன பதில் இன்றைக்கும் வகுப்பில் நடத்துகிற பதில்: எதை இயேசு ஏற்கவில்லையோ அது குணமாகவில்லை. நம் மனசுக்கும் நோய் உண்டு, பயம் உண்டு. அவர் மனித மனசை ஏற்காமல் சதையை மட்டும் ஏற்றிருந்தால் மனசு அப்படியே கிடக்கும். எனவே "மனிதர்". முழு ஆள்.

ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், காதுக்கு "மாம்சமாகி" தருகிற அதிர்ச்சியை "மனிதர் ஆனார்" தருவதில்லை. குழந்தை இயேசுவின் புல்க்கூட்டில் பஞ்சு மெத்தை போட்ட மாதிரி இருக்கிறது.

---

நாத்திகம்_மேல்புறம் | டிசம்பர் 10, காலை 9.20

டிசம்பர் 25 ரோமர்களின் சூரியன் பண்டிகை, இதெல்லாம் கடன் வாங்கினது. யாராவது சொல்ல வேண்டும் என்று சொல்கிறேன்.

---

பழைய_திருப்புதல் | டிசம்பர் 10, காலை 9.48

வருடா வருடம் நீங்கள்தான் சொல்கிறீர்கள். 354இல் தொகுத்த ரோமாபுரி நாள்காட்டியில் டிசம்பர் 25 இருக்கிறது, அர்மீனிய சபை இன்றுவரை ஜனவரி 6இல் கொண்டாடுகிறது, பைபிளில் தேதியே இல்லை. தேதியை வைத்து யாரும் இங்கே சண்டை போடவில்லை. வார்த்தைக்கு வாருங்கள்.

---

வாட்டாற்று_வாசி (திருவட்டாறு) | டிசம்பர் 10, மதியம் 1.30

நான் கிறிஸ்தவன் இல்லை. ஆதிகேசவப் பெருமாள் கோயில் பக்கம் வீடு, சின்ன வயதிலிருந்து டிசம்பரில் பக்கத்து வீட்டு முந்திரிக்கொத்து சாப்பிட்டு வளர்ந்தவன். அந்த உரிமையில் கேட்கிறேன்.

கடவுள் இறங்கி வருவது எங்களுக்குப் புதுசு இல்லையே. எங்கள் ஊர்ப் பெருமாளையும் பாடிய நம்மாழ்வார், கண்ணன் வெண்ணெய் திருடி உரலில் கட்டுண்டு ஏங்கி நின்றதைப் பாட வந்தவர், "எத்திறம்" என்று சொல்லி மூர்ச்சையாகி ஆறு மாதம் கிடந்தார் என்பார்கள். உலகை அளந்தவன் ஒரு ஆய்ச்சியின் கயிற்றுக்குக் கட்டுப்பட்டு அழுகிறான். இந்த எளிமைக்கும் குழந்தை இயேசுவைக் கிடத்திய மாட்டுத்தொட்டி, உங்கள் முன்னணைக்கும் என்ன வித்தியாசம்? அவதாரம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே.

---

பிறவா_யாக்கை (பூதப்பாண்டி) | டிசம்பர் 10, மதியம் 2.10

வைணவருக்கும் கிறிஸ்தவருக்கும் இதில் ஒற்றுமை வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். சைவனாக மறுத்துவிட்டுப் போகிறேன்.

சிலப்பதிகாரத்தில் இளங்கோ சிவனைச் சொல்வது "பிறவா யாக்கைப் பெரியோன்" என்று. எங்கள் சாமி வரமாட்டார் என்று இல்லை. மதுரையில் புட்டுக்கு மண் சுமந்தார், பாண்டியன் கையால் பிரம்படி பட்டார். திருச்சியில் ஒரு பெண்ணின் தாயாகவே வந்து பேறு பார்த்தார், தாயுமானவர் என்கிறோம். கவனியுங்கள், பிரசவம் பார்க்க வந்தார். பிறக்க வரவில்லை. கருவறைக்குள் போய் வந்தால் பிறவிச் சங்கிலிக்குள் போனதாகிவிடும். அதை அறுத்துவிட வேண்டியவர் அதற்குள் எப்படிச் சிக்குவார்?

இன்னொன்று. வார்த்தை ஜடமாகவே ஆகிவிட்டது என்றால், அந்த ராத்திரி உலகத்தை நடத்தியது யார்?

---

ஸ்டாண்டு_ஆட்டோ | டிசம்பர் 10, மதியம் 2.14

இப்போதான் சூடு பிடிக்குது. டீ சொல்லியாச்சு.

---

நெறியாளர் | டிசம்பர் 10, மதியம் 3.00

இதுவரை எல்லாரும் நன்றாகவே பேசுகிறீர்கள். அப்படியே போகட்டும். மதமாற்றப் பேச்சு, சாதிப் பேச்சு இரண்டும் வேண்டாம். நீக்கிய இரண்டு பதிவுகளுக்கு விளக்கம் கேட்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்ப வேண்டாம்.

---

குழித்துறை_டீச்சர் | டிசம்பர் 10, மாலை 6.20

பூதப்பாண்டி அண்ணனின் கடைசிக் கேள்விக்கு மட்டும் முதலில் சொல்கிறேன், ஏனென்றால் சபை முழுக்க முட்டிக்கொண்டது அந்தக் கேள்வியில்தான். ஆனார் என்றால் மாறினார் என்று பொருளா? பால் தயிரானால் பால் இல்லை. கடவுள் மனிதரானால் கடவுள் இல்லையா? 451இல் கல்செதோன் சங்கம் சொன்னது: ஒரே ஆள், இரண்டு இயல்பு, கலப்பும் இல்லை, மாற்றமும் இல்லை, பிளவும் இல்லை, பிரிவும் இல்லை. நாலு "இல்லை". உண்டு என்று சொல்ல வார்த்தை கிடைக்காதபோது இல்லை இல்லை என்று வேலி போட்டுவிட்டார்கள். அதிலும் எல்லாரும் ஒத்துப்போகவில்லை. கோட்டயம் பக்கம் இருக்கிற ஓர்த்தடாக்ஸ், யாக்கோபாய சபைகள் கல்செதோனை ஏற்பதில்லை. ஒன்றாக இணைந்த ஒரே இயல்பு என்பார்கள். நம் மார்த்தாண்டத்து மலங்கரைக் கத்தோலிக்கர், சிரியன் வழிபாடுதான் என்றாலும் 1930இல் ரோமையோடு சேர்ந்ததால் ஏற்கிறார்கள். ஒரே பஸ்ஸில் போகிற ஆட்கள்தான் எல்லாரும்.

ஆகவே, தொட்டிலில் கிடந்தபோதும் உலகத்தைத் தாங்கியவர் அவரே என்பதுதான் எல்லாச் சபைகளின் பதிலும். புரிகிறதா என்று கேட்டால், எனக்கும் புரியவில்லை. ஆனால் 431இல் எபேசு சங்கத்தில் மரியாளை "கடவுளின் தாய்" என்று சொல்லலாம் என்று முடிவு செய்தது இதற்காகத்தான். மாதாவுக்குப் பட்டம் கொடுக்க இல்லை, அவள் பெற்றது யாரை என்பதில் பின்வாங்கக் கூடாது என்று.

---

பழைய_திருப்புதல் | டிசம்பர் 10, இரவு 10.30

திருவட்டாறு அண்ணாச்சிக்கு. அவதாரம் என்ற சொல்லை நம் ஆட்கள் ஒதுக்கவில்லை. "மனுஷாவதாரம்" என்று பழைய கிறிஸ்தவத் தமிழில் தாராளமாக உண்டு. சென்னையில் இருந்த சக்கரை என்ற கிறிஸ்தவச் சிந்தனையாளர் போன நூற்றாண்டில் இயேசுவை அவதாரம் என்றே எழுதினார். நான் வித்தியாசம் என்று நினைப்பதைச் சொல்கிறேன். ஒன்று, ஒரு தடவைதான். இரண்டு, வந்தவர் அந்த உடலைக் கழற்றவில்லை. உயிர்த்தெழுந்த பிறகும் ஆணித்தழும்போடுதான் சீடர் முன் நிற்கிறார், அந்த மனித உடலோடுதான் பரமேறினார் என்பது விசுவாசம். வேலை முடிந்ததும் வேஷம் கலையவில்லை.

---

வாட்டாற்று_வாசி | டிசம்பர் 11, காலை 5.50

வேஷம் என்று நாங்களும் சொல்வதில்லை அண்ணே, அது மாயாவாதம். ராமானுஜர் வழியில் அவதாரத் திருமேனி நிஜம். ராத்திரி தூக்கம் வராமல் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஒன்று பளிச்சென்று பட்டது, அதனால்தான் விடிவதற்குள் எழுதுகிறேன்.

எங்கள் சித்தாந்தத்தில் பொருள்களைப் பிரிக்கும்போதே ஜடம், அஜடம் என்று இரண்டாகப் பிரிப்பார்கள். மண், மரம், நம் உடம்பு எல்லாம் பிரகிருதி, அது ஜடம். தானாக ஒளிராதது. எம்பெருமான் இறங்கி வரும்போது எடுக்கிற திருமேனி இந்தச் சரக்கு இல்லை. அது அப்ராகிருதம், சுத்த சத்துவம், அஜடம். நிஜமான உடல்தான், ஆனால் நம் உடலின் மண்ணால் ஆனது இல்லை. கர்மத்தால் வந்ததும் இல்லை.

அப்படியானால் "வசனம் ஜடமாயித் தீர்ந்நு" என்ற வாக்கியத்தை எங்கள் ஆசாரியர் யாரிடம் காட்டினாலும் கையை எடுத்து மறுத்துவிடுவார். நீங்கள் சொல்வது சரியாக அதையேதான். நம்முடைய அதே மண். மருமகன் தம்பி சிரித்த அந்தச் சொல்லில்தான் இரண்டு வழியும் பிரிகிறது. மொழிபெயர்த்தவர்கள் தெரிந்து போட்டார்களோ தெரியாமல் போட்டார்களோ, இதைவிடக் கூர்மையாகச் சொல்ல முடியாது.

எனக்கு என் வழிதான். ஆனால் இனிமேல் அதுவும் இதுவும் ஒன்று என்று சொல்லமாட்டேன்.

---

பழைய_திருப்புதல் | டிசம்பர் 11, காலை 6.25

நாற்பது வருடம் ஞாயிறு பள்ளி நடத்தியிருக்கிறேன். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நன்றி அண்ணாச்சி.

---

வார்டு_எட்டு | டிசம்பர் 11, காலை 11.40

நான் திருவனந்தபுரத்தில் நர்ஸ். சொந்த ஊர் கொல்லங்கோடு. பிறந்த குழந்தைகள் வார்டு. ஓய்வு நேரத்தில் படித்தேன், சங்கம் எல்லாம் எனக்குத் தெரியாது, ஜடம் தெரியும்.

கிறிஸ்துமஸ் கார்டில் குழந்தை கையைத் தூக்கி ஆசீர்வதிக்கும், தலையைச் சுற்றி வெளிச்சம். நிஜத்தில் பிறந்த குழந்தை ஈரமாக, வெள்ளைப் பிசுக்கோடு, ஊதா நிறத்தில் வரும். சூட்டைத் தானே பிடித்து வைக்கத் தெரியாது. துடைத்துத் துணியில் சுற்றாவிட்டால் சில நிமிடத்தில் குளிர்ந்துவிடும். உடல் வெப்பம் 36.5க்குக் கீழே போனால் எங்களுக்குப் பதற்றம் ஆரம்பிக்கும். உச்சிக்குழியில் எலும்பு மூடியிருக்காது, விரல் வைத்தால் துடிப்பு தெரியும். முதல் மலம் கரும்பச்சையாகப் பசை மாதிரி ஒட்டும், நகத்திலிருந்து போகாது.

லூக்கா 2:7இல் "பிள்ளையைத் துணிகளில் சுற்றி" என்று ஒரு வரி. எல்லாரும் முன்னணையைப் பார்ப்பார்கள், எனக்குக் கண் அந்தத் துணியில்தான் போகும். சுற்ற வேண்டியிருந்தது. சுற்றாவிட்டால் செத்துப்போயிருக்கும்.

---

பிறவா_யாக்கை | டிசம்பர் 11, மதியம் 12.30

தங்கச்சி, நீ எழுதியது மனதைத் தொட்டது. ஆனால் என் மறுப்பை நீயே பலப்படுத்திவிட்டாய். இந்தப் பிசுக்கும் மலமும் இறைவனுக்கு இழிவு இல்லையா?

---

வார்டு_எட்டு | டிசம்பர் 11, மதியம் 12.41

தினமும் அதைத்தான் துடைக்கிறேன் அண்ணா. எனக்கு இழிவாகத் தெரியவில்லை. ட்யூட்டிக்கு நேரமாச்சு.

---

மயிலாடி_கல் | டிசம்பர் 11, இரவு 8.15

அந்த இழிவு என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறேன். நெறியாளர் மன்னிக்க வேண்டும், சாதியைத் தொடாமல் இதைச் சொல்ல முடியாது.

நாம் பேசுகிற இந்த மண் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், திருக்கொச்சி. இங்கே உடல் என்பது தத்துவம் இல்லை, சட்டம். யார் எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும், எந்தப் பெண் தோளில் துணி போடக்கூடாது என்று சட்டம். ரிங்கல்தௌபே என்ற மிஷனரி மயிலாடிக்கு வந்தது 1806இல். அப்புறம் சபையில் சேர்ந்த பெண்கள் தோளை மூடத் தொடங்கியதும் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள். 1829இல் வந்த அரசாணை, குப்பாயம் (ரவிக்கை மாதிரிச் சட்டை) போட்டுக்கொள், மேல்சாதியாரைப் போலத் தோள்சீலை கூடாது என்றது. 1858இல் மறுபடியும் கலவரம். 1859 ஜூலை 26இல் அனுமதி வந்தது. அந்த அனுமதியிலும் முரட்டுத் துணி, மீன்பிடிக்கிற முக்குவர் பெண்கள் கட்டுகிற மாதிரி என்று ஒரு கொக்கி.

எங்கள் பாட்டாவின் அம்மா வழியில் வந்த கதைகள் இவை. எழுத்துக் கற்ற முதல் தலைமுறை. அவர்கள் கையில் கிடைத்த புத்தகத்தில் "அந்த வார்த்தை மாம்சமாகி" என்று இருந்தது. இழிவு என்று ஊர் சொன்ன சரக்கு எதுவோ அதையே தேவன் எடுத்தார் என்று அவர்கள் படித்தார்கள். நான் யோசிக்கிறேன், அங்கே "மனிதர் ஆனார்" என்று இருந்திருந்தால்? மனிதர் என்ற கணக்கில் தங்களைச் சேர்ப்பார்களா என்பதே அன்றைக்குச் சந்தேகம். மாம்சத்தில் சந்தேகம் இல்லை, அது எல்லாருக்கும் இருந்தது.

---

தோப்பு_கண்ணாடி | டிசம்பர் 11, இரவு 9.05

மயிலாடிக்காரரே, அதே காலம், அதே மண், இன்னொரு வழியும் உண்டு. அய்யா வைகுண்டர். 1833 மாசியில் திருச்செந்தூர் கடலிலிருந்து வந்ததை அவதாரம் என்கிறோம். தலைப்பாகை கட்டக்கூடாது என்ற ஆட்களைத் தலைப்பாகை கட்டிக் கும்பிடச் சொன்னார். மகாராஜா அவரைச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார். எங்கள் கோயிலான பதியில் கருவறையில் சிலை இல்லை, கண்ணாடி. குனிந்து பார்த்தால் உன் மூஞ்சிதான். ஜடத்தைப் பற்றி எங்களுக்கும் கொஞ்சம் தெரியும் என்று சொல்லி வைக்கிறேன்.

---

குழித்துறை_டீச்சர் | டிசம்பர் 11, இரவு 9.50

மயிலாடி சார், உங்கள் பதிவைப் படித்துவிட்டு நாலு தடவை எழுதி அழித்தேன். "மனிதர் ஆனார்" பற்றி நான் சொன்ன நியாயம் நியாயம்தான், திரும்பப் பெறவில்லை. ஆனால் எங்கள் கோவிலில் குடிலுக்கு வைக்கோல் பரப்பும்போது பிள்ளைகளிடம் இனி ஏசாயாவின் "மாம்சமெல்லாம் புல்" வரியைச் சொல்லப்போகிறேன். 1223இல் கிரேச்சோவில் அசிசி பிரான்சிஸ் குடில் வைத்தபோது பொம்மை இல்லை, நிஜ மாடும் கழுதையும் நிஜ வைக்கோலும்தான். நாம்தான் அதைத் தெர்மாகோலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம்.

---

பிறவா_யாக்கை | டிசம்பர் 12, காலை 7.10

நான் மாறவில்லை. பிறவாதவன் பிறவாதவன்தான். ஆனால் ராத்திரி தாயுமானவர் கதையை மறுபடி நினைத்தேன். பேறு பார்க்க வந்தவர் கையிலும் அந்தப் பிசுக்கு ஒட்டியிருக்குமே. அதை நான் இதுவரை யோசித்ததில்லை. நர்ஸ் தங்கச்சிக்குச் சொல்லிவிடுங்கள்.

---

அக்கரை_மருமகன் | டிசம்பர் 14, இரவு 10.05

மூன்று நாளாக கடையில் சரக்கு இறக்குவதில் வர முடியவில்லை. ஸ்டார் விற்பனை நேரம். இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். மனைவிக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். வைகுண்டர் கண்ணாடி வரைக்கும் வந்தபோது மாமியார் சீரியலை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

எது சரி என்று கேட்டேன், யாரும் ஒன்றைச் சொல்லவில்லை. பரவாயில்லை. வாசிக்கப் போவது ஜடம்தான், மாற்றிக் கேட்கப்போவதில்லை. பிரச்சினை இப்போது வேறு. ஐந்து நாளாக ஒத்திகை. "தீர்ந்து" என்றால் தப்பாம், "தீர்ந்நு" என்று மூக்கில் வர வேண்டுமாம். மனைவி தலையில் அடித்துக்கொள்கிறாள். மச்சினன் பக்கத்தில் நின்றால் நான் சிரித்துவிடுவேன், அவனை வேறு வரிசைக்குத் தள்ளச் சொல்லியிருக்கிறேன்.

---

ஸ்டாண்டு_ஆட்டோ | டிசம்பர் 14, இரவு 10.09

அண்ணே நான் வந்து கேட்கணும். எத்தனை மணிக்கு?

---

வாட்டாற்று_வாசி | டிசம்பர் 14, இரவு 10.16

நானும் வரலாமா? ஆட்டோக்காரர் என்னையும் ஏற்றிக்கொண்டு போனால் சரி.

---

அக்கரை_மருமகன் | டிசம்பர் 14, இரவு 10.20

தாராளமாக வாருங்கள் அண்ணாச்சி. அஞ்சு மணிக்கு ஆராதனை. நாலரைக்கே வந்துவிடுங்கள், அப்புறம் வந்தால் உள்ளே இடம் கிடைக்காது, வெளியே பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிதான். முடிந்ததும் வீட்டுக்கு வர வேண்டும், மாமியார் வட்டயப்பத்துக்கு மாவு கணக்குப் போட்டாயிற்று.